துத்தம் கலந்த பச்சை

"இது மேய்ச்சல் நிலம்னு ஏன் ஒருத்தனுக்கும் தெரியல?" என்று கேட்டார் மாசானம்.

ஜெசிந்தா தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மாசானம் அவளைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது பெரியவர். ஆனாலும் அவள்தான் டீச்சர். ஊருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய பருத்தி மூட்டைகள் அடுக்கிவைத்த பழைய கிட்டங்கிதான் அவளுடைய ஓவியப் பட்டறை.

மாசானம் வரைந்த படம் சுவரில் சாய்ந்திருந்தது. ஆள் உயரப் பலகை. சினிமா போஸ்டர், கட்சிப் போஸ்டர், கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் எல்லாவற்றையும் கிழித்து, மைதாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டியிருந்தார். அதன்மேல் செம்மண், சாக்குத் துணி, சுண்ணாம்பு. அதற்கும் மேலே பச்சை. ஒரே பச்சை அல்ல. ஒன்றையொன்று அடித்துத் தள்ளுகிற பல பச்சைகள்.

பார்த்தவர்களில் ஒருவர் கடல் என்றார். கல்லூரிப் பெண் ஒருத்தி, புரியாமல் இருப்பதுதான் இதன் அழகு என்றாள். துவைக்கிற கல்லில் பாசி பிடித்த மாதிரி இருக்கிறது என்றாள் மாசானத்தின் மனைவி. அவர் அவளோடு இன்னும் சரியாகப் பேசவில்லை.

"அரூபமா வரைஞ்சா நிலம் போயிருது. நிலமா வரைஞ்சா காலண்டர் படம் ஆயிருது. நான் என்னதான் செய்ய?"

ஜெசிந்தா தூரிகையை உதறினாள். தண்ணீர் அவர் சட்டையில் தெறித்தது.

அவர் வரைந்தது பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த புறம்போக்கை. ஊர் மாடுகளெல்லாம் மேய்ந்த இடம். தங்கப்பழம் என்பவர் அதை வளைத்து மனைகளாகப் பிரித்துவிட்டார். கல் நட்டு, கல்லுக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்து, சுற்றிலும் முள்கம்பி போட்டார்.

மாசானம் மனு கொடுத்தார். பதில் இல்லை. கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று, மாடுகள் எங்கே போகும் என்று கத்தினார். ஒரு பகல் முழுக்கப் போலீஸ் வேனில் உட்காரவைத்தார்கள். அதன்பிறகுதான் ஜெசிந்தாவிடம் வந்தார். அழகாக வரைய வேண்டாம், ஒருவன் முகத்தில் அறைகிற மாதிரி வரையக் கற்றுக்கொடுத்தால் போதும் என்றார்.

அன்று மாலை நூலக மண்டபத்தில் ஜெசிந்தாவின் மாணவர்களுடைய கண்காட்சி. விளக்கேற்ற வருகிறவர் தங்கப்பழம். மண்டபத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று நூலகத்தில் சொல்லிவிட்டார்கள்.

மாசானத்துக்கு அதில் வருத்தமில்லை. அவர் காத்திருந்ததே அதற்குத்தான். தங்கப்பழத்தை இந்தப் படத்தின் முன்னால் நிறுத்த வேண்டும். எல்லார் காதிலும் விழும்படி, இது எந்த இடம் என்று கேட்க வேண்டும்.

"பார்த்த உடனே அவனுக்குத் தெரியணும் டீச்சர். கடல்னு சொல்லிட்டுப் போயிட்டான்னா, நான் வரைஞ்சது எதுக்கு?"

ஜெசிந்தா கையைத் துடைத்தாள். படத்தின் ஒரு முனையைப் பிடித்தாள்.

"அந்தப் பக்கம் பிடிங்க, அண்ணாச்சி."

இருவரும் அதை வெளியே கொண்டுபோய், வெயில் விழுகிற மதிலில் சாய்த்தார்கள்.

"காயட்டும்."

"படம் காஞ்சுதான் இருக்கு."

"நீங்க காயல. உள்ள வந்து டீ குடிங்க."

அவர் டீ குடிக்கவில்லை. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, மாலையில் பேசப்போவதைப் பேசிக்காட்டினார். முதலில் நிதானமாகத் தொடங்கினார். தங்கப்பழத்தின் பெயர் வந்ததும் குரல் ஏறியது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி ஏறியது.

ஜெசிந்தா, முதல் பாதி நன்றாக இருக்கிறது என்றாள்.

அப்போது வெளியே காகிதம் கிழிகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி நீளமாகக் கேட்டது.

வலக்கொம்பு முறிந்த ஒரு மாடு. விலா எலும்புகளை எண்ணிவிடலாம். முன்காலை ஊன்றி, தலையைச் சாய்த்து, பலகையிலிருந்து போஸ்டரை உரித்து இழுத்துக்கொண்டிருந்தது. ஊரில் எந்த மாடும் செய்கிற காரியம்தான். சுவரில் போஸ்டர் ஒட்டிவிட்டுப் போன ஈரம் காய்வதற்குள் வந்துவிடும்.

படத்தின் கீழ்ப்பாதி இல்லை. செம்மண் ஒட்டிய சாக்குத் துணி தொங்கியது.

மாசானம் சட்டம் அடிக்க வைத்திருந்த ரீப்பர் கட்டையை எடுத்தார்.

முதல் அடி முதுகில் விழுந்தது. மாடு நகரவில்லை. தோலை மட்டும் சிலிர்த்துக்கொண்டது. பிறந்ததிலிருந்து வாங்குகிற அடிதான் என்பதுபோல மென்றது. அது அவருக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. மாட்டை வைதார், அதை அவிழ்த்துவிட்டவனை வைதார், அவன் குடும்பத்தை வைதார். கட்டையை மறுபடி ஓங்கினார்.

ஜெசிந்தா கட்டையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

"பசையில துத்தம் போட்டீங்களா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டையை வெடுக்கென்று இழுத்தார். ஒரு வருஷ உழைப்பு தெருமாட்டு வாயில் போய்க்கொண்டிருக்கிறது, இவள் பாடம் எடுக்கிறாள். வெளியே வைக்கச் சொன்னதும் இவள்தான்.

"படம் போச்சு. உங்களுக்குப் பசை பெருசாப் போச்சோ?"

"போட்டீங்களா, இல்லையா?"

மயில்துத்தம் நீலக் கல் மாதிரி இருக்கும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்கப் பசை காய்ச்சும்போது கொஞ்சம் போடுவார்கள். விஷம். முதல் நாள் பசை காய்ச்சக் கற்றுக்கொடுத்தபோது, ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம் என்று ஜெசிந்தா சொல்லியிருந்தாள்.

"போட்டேன். கை நிறைய அள்ளிப் போட்டேன்."

"எதுக்கு?"

"எதுக்கா? நூறு வருஷம் நிக்கணும்னுதான். பூச்சி பொட்டு எதுவும் அண்டக் கூடாதுன்னு. ஒரு உசுரும் இந்த இடத்துல வாய் வைக்கக்..."

அவர் மாட்டைப் பார்த்தார்.

மாடு மென்றுகொண்டிருந்தது. கடைவாயில் பச்சை நுரை.

கட்டை கீழே விழுந்தது. மாசானம் இடக்கையால் முறிந்த கொம்பைப் பிடித்து, வலக்கையை மாட்டின் வாய்க்குள் விட்டார். மாடு பின்னால் இழுத்தது. அவரும் கூடவே போனார். கூழாகிப்போன காகிதம் கை நிறைய வந்தது. அதில் ஒரு நடிகனின் பாதி மீசை இருந்தது. மறுபடி விட்டார். மாடு கடைவாய்ப் பல்லால் அவர் விரலை நசுக்கியது. அவர் கையை எடுக்கவில்லை.

"நாக்குக்கு அடியில இன்னும் இருக்கு" என்றாள் ஜெசிந்தா. அவள் மாட்டின் கழுத்தைக் கட்டிப் பிடித்திருந்தாள்.

எடுத்தார். அதற்குமேல் எடுக்க முடியவில்லை. மிச்சம் உள்ளே போய்விட்டது.

ஜெசிந்தா மாட்டு டாக்டருக்குப் போன் செய்தாள். அவர் எங்கோ முகாமில் இருந்தார். எவ்வளவு துத்தம், எவ்வளவு தின்றது என்று கேட்டார். இரண்டையும் உத்தேசமாகத்தான் சொன்னாள். தண்ணீர் காட்டச் சொன்னார். முடிந்தவரை சீக்கிரம் வருவதாகச் சொன்னார். அதுவரை கூடவே இருந்து பார்க்கச் சொன்னார். படுத்து அசை போட்டால் பாதி பயம் போய்விடும், போடாவிட்டால் கஷ்டம்தான் என்றார்.

போனை வைத்ததும் அவள் வாளியை எட்டி உதைத்தாள். அது மதில்வரை உருண்டது.

"நான்தானே வெளிய வச்சேன்" என்றாள்.

மாசானம் போய் அந்த வாளியை எடுத்துத் தண்ணீர் பிடித்தார். வாய் ஓயாமல் வைதுகொண்டே இருந்தார். யாரை என்று தெரியவில்லை.

மாடு தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. அவர் வாளியோடு பின்னால் போனார்.

கண்காட்சிக்கு வருவீர்களா என்று ஜெசிந்தா கேட்டாள். அவர் திரும்பவில்லை.

அவள் மதிலில் இருந்த பலகையைப் பார்த்தாள். மேல்பாதியில் பச்சை. கீழ்ப்பாதியில் பல் பட்ட கோடுகள், வெறும் மரம். வண்டி வந்ததும் மற்ற படங்களோடு அதையும் ஏற்றினாள்.

விளக்கேற்றி முடிந்து, அந்தி சாயும்போது அவள் மாசானத்தைத் தேடி வந்தாள். பஸ் ஸ்டாண்டில் பூக்கட்டுகிற பெண், வாளியோடு ஒருவர் மாட்டுக்குப் பின்னால் போனதாகவும், கிறுக்குப் பிடித்தவர் மாதிரி மாட்டிடம் பேசிக்கொண்டு போனதாகவும் சொன்னாள். எந்தப் பக்கம் என்று ஜெசிந்தா கேட்கவில்லை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் முள்கம்பி ஒரு இடத்தில் தளர்ந்திருந்தது. அதில் மாட்டு ரோமம் ஒட்டியிருந்தது. அவள் குனிந்து உள்ளே போனாள். தரை முழுக்கச் சரளை. புல் என்று சொல்ல ஒரு இணுக்கு இல்லை. வரிசையாக மஞ்சள் கற்கள்.

இரண்டு கற்களுக்கு நடுவே மாடு படுத்திருந்தது. பக்கத்தில் மாசானம் சரளையில் உட்கார்ந்திருந்தார். விரலில் துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தார். வாளி காலியாக இருந்தது. டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை.

ஜெசிந்தா செருப்புச் சத்தத்தோடு அருகே வந்தாள். வழியெல்லாம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லத் தொடங்கினாள்.

"அண்ணாச்சி, தங்கப்பழம் வந்தார். உங்க படத்து முன்னாலதான் நின்னார். ரொம்ப நேரம் நின்னார். கடைசியில என்னைக் கூப்பிட்டு..."

மாசானம் கட்டுப் போட்ட கையை உயர்த்தினார். அவர் கண் மாட்டின் தாடையில் இருந்தது.

"சத்தம் போடாதீங்க டீச்சர். அசை போட ஆரம்பிச்சிருக்கு."