கெட்டுப்போன மூன்று மாதிரிகள்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு நாற்பத்தேழு. பல்கலைக்கழகத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர் இல்லை. சீடர் தவசியப்பன் இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். ஆசை யாரை விட்டது? வேலையை உதறிவிட்டு, பேராசிரியை மெஹருன்னிசாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

வியாழனைச் சுற்றும் யூரோப்பா என்ற நிலவு முழுக்கப் பனிக்கட்டி. அதன் மேல் அங்கங்கே மஞ்சள் திட்டுகள். அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் கடலிலிருந்து மேலே வந்த உப்பா அது? இதுதான் தவசியப்பனின் கேள்வி. சாப்பாட்டு உப்பைக் கடுங்குளிரில் உறையவைத்து, ஆய்வகத்து மெஷினுக்குள் வைத்து, அந்த நிலவின் மேல் பாய்கிற எலெக்ட்ரான்களை அதன் மேலும் பாய்ச்சிப் பார்த்துவந்தார்.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வுக்குழு கூடுகிறது. முடிவு எதுவும் இல்லையென்றால் அவருடைய இடம் பறிபோகும். பள்ளிக்கூடமும் இனிச் சேர்த்துக்கொள்ளாது. காலையிலேயே அறிக்கையோடு வந்து நின்றார்.

"இருபத்துமூணு மாதிரி, மேடம். ஒண்ணுகூட மஞ்சளாகல. அங்க இருக்கிறது இந்த உப்பு இல்லன்னு அடிச்சுச் சொல்லலாம்."

மெஹருன்னிசா பக்கங்களைப் புரட்டினார்.

"கடைசி எண் இருபத்தாறுன்னு போட்டிருக்கே, சார். நடுவுல மூணு எங்க?"

"அது கெட்டுப்போச்சு, மேடம். மூணு தடவை மெஷினை நிறுத்த மறந்து வீட்டுக்குப் போயிட்டேன். காலையில வந்து பார்த்தா அழுக்கேறிக் கிடந்துச்சு. கொட்டிட்டேன்."

"அழுக்கு என்ன நிறம்?"

தவசியப்பன் அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

மெஹருன்னிசா எழுந்துபோய்ப் புது உப்பை வைத்து மெஷினை ஓடவிட்டார். அதன் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டார். இருவரும் உட்கார்ந்தார்கள். பத்து நிமிடம் ஆனதும் தவசியப்பனின் கை தன்னால் சுவிட்சுக்குப் போயிற்று.

"எதுக்கு, சார்?"

"எப்பவும் இத்தோட நிறுத்திடுவேன்."

"ஏன்?"

அவருக்கே அப்போதுதான் புரிந்தது.

"ஸ்கூல்ல பிள்ளைங்க காய்ச்சி எடுக்கிற உப்பு நிறம் மாறினா மார்க் குறைப்பேன், மேடம். வெள்ளையா இருக்கும்போதே எடுத்துடணும்னு கை பழகிப்போச்சு."

கையை இழுத்துக்கொண்டார். சாப்பிடக்கூட இருவரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு மணிக்கு உப்பின் ஓரத்தில் லேசாக மஞ்சள் தெரிந்தது. அரை மணியில் முழுக்கப் பரவிவிட்டது. இத்தனை நாள் தேடியது கண்ணெதிரே இருந்தும் தவசியப்பனுக்கு அழுகைதான் வந்தது. கையிலிருந்த அறிக்கை மொத்தமும் தப்பு.

"குழுகிட்ட நான் என்னன்னு சொல்வேன்? மூணையும் குப்பையில கொட்டினேன்னு சொன்னா சிரிப்பாங்க. இடம் போயிடும். இந்த வயசுல நான் எங்க போய் நிப்பேன்? இன்னைக்கு மட்டும் இந்த அறிக்கையையே கொடுத்துடறேன், மேடம். நீங்க ஒரு வார்த்தை சொல்லிக் காப்பாத்தி விட்டுடுங்க."

மெஹருன்னிசாவின் முகமும் வாடிப்போயிற்று. மெஷினை அவர் இன்னும் நிறுத்தவில்லை. அறிக்கையை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னலுக்குள் தெரிந்த மஞ்சள் உப்பைக் காட்டினார்.

"அந்த நிலவுல இதைப் பத்து நிமிஷத்துல வெளிய எடுக்க யாரும் இல்ல, சார்."