செல்லக்கனியின் கடைசி வார்த்தை

சத்தியநேசன் உபதேசியாராக இருந்த ஊரில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதலில் அவருக்குத்தான் ஆள் போகும். எந்தத் துக்க வீட்டில் எந்த வசனத்தைச் சொல்வது என்று அவருக்குத் தெரியும். தன் மனைவி செல்லக்கனி இறந்தபோது மட்டும் அவர் வாயில் ஒரு வசனமும் வரவில்லை.

இறந்தவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பது அந்த ஊர்க் கிறிஸ்தவச் சபையாரின் வழக்கம். அவரிடமும் கேட்டார்கள். நினைவு தப்பியே போய்விட்டாள் என்று சொல்லிவிட்டார்.

அது பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த செல்லக்கனி அவர் கையை இறுகப் பிடித்து, "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்றாள். பிறகு உதடு மட்டும் அசைந்தது. சத்தம் வரவில்லை. அப்படியே அடங்கிவிட்டாள்.

வாழ்நாளெல்லாம் ஜெபித்தவள் விசுவாசத்தை இழந்துதான் போனாள் என்று அவர் நம்பினார். அன்றிலிருந்து அவர் நற்கருணை எடுக்கவில்லை. அவளைக் கைவிட்டவரின் பந்தியில் எப்படிக் கை நீட்டுவது?

பக்கத்து ஊர் வேதபாடசாலையில் எப்சிபா என்பவர் எபிரெய மொழி கற்றுக்கொடுத்துவந்தார். சத்தியநேசனுக்கு மகளாக இருக்கக்கூடிய வயது. செல்லக்கனி சொன்ன வசனத்தை அதன் மூல மொழியில் பார்த்துவிட வேண்டும் என்று சத்தியநேசன் அந்த வகுப்பில் போய்ச் சேர்ந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எழுத்து பழகினார். ஒரு சனிக்கிழமை, மற்றவர்கள் கலைந்த பின்பும் எழுந்திருக்கவில்லை.

என்ன ஐயா என்று எப்சிபா கேட்டார்.

"சங்கீதம் இருபத்திரண்டு, ஒன்றாம் வசனம். அதைச் சொல்லிக்கிட்டே செத்தவங்க எங்க போவாங்க டீச்சர்?"

யார் சொன்னது என்று எப்சிபா கேட்க, எவரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். எப்சிபா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். வாங்க ஐயா என்று பக்கத்திலிருந்த வேதக்கோயிலுக்கு அழைத்துப்போனார்.

மறுநாள் அங்கே அசனம். ஊர் முழுக்கக் கூடிச் சாப்பிடும் அந்த விருந்துக்காக, கோயில் பந்தலில் பெண்கள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். எப்சிபா பந்தல் ஓரமாக நின்று ஒரு கீர்த்தனையின் முதல் வரியைப் பாடிவிட்டு நிறுத்தினார்.

யாரும் தலை நிமிரவில்லை. கத்தி ஓடியபடியே இருந்தது. ஒருத்தி இரண்டாம் வரியை எடுத்தாள், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பல்லவி முடிந்து, சரணம் சரணமாகப் போய், கடைசி ஆமென் வரைக்கும் பாடித்தான் நிறுத்தினார்கள். சத்தியநேசனும் கூடவே பாடியிருந்தார். முடிந்த பிறகுதான் அது அவருக்கே உறைத்தது.

"நான் எத்தனை வரி பாடினேன் ஐயா?"

"ஒண்ணு."

"அந்தக் காலத்துல சங்கீதத்துக்கு நம்பர் கிடையாது. முதல் வரிதான் அதுக்குப் பேரு."

சத்தியநேசன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டார்.

"சிலுவையில ஆண்டவரும் இதே வரியைத்தானே சொன்னாரு. எந்தச் சொல்லால கூப்பிட்டாருன்னு நினைவிருக்கா?"

"ஏலி."

"வகுப்புல படிச்சோமே. ஏல்னா?"

"தேவன்."

"ஈ சேர்த்தா?"

"என் தேவன்." சொல்லும்போதே அவர் குரல் இறங்கியது. எத்தனையோ பெரிய வெள்ளிக்கிழமைகளில் அந்த வார்த்தையைப் பிரசங்கித்திருக்கிறார். கைவிட்டவரை யாராவது 'என்' என்பார்களா என்று ஒரு தடவைகூட நின்று யோசித்ததில்லை.

"பக்கத்துல நின்னவங்க அதை எப்படிக் கேட்டாங்க?"

"எலியா தீர்க்கதரிசியைக் கூப்பிடுறான்னு தப்பாக் கேட்டாங்க."

எப்சிபா தன் வேதப்புத்தகத்தில் அந்தச் சங்கீதத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

அவர் முதல் வரியிலிருந்து வாசித்தார். மனப்பாடமாகத் தெரிந்த சங்கீதம்தான், பாதியில் நிறுத்தித்தான் பழக்கம். புழுவாய்ப் போனேன் என்கிற இடத்தையும், நாவு மேல்வாயோடு ஒட்டிக்கொண்ட இடத்தையும் தாண்டினார். அதன் பிறகு, உபத்திரவப்பட்டவனுக்கு அவர் தம்முடைய முகத்தை மறைக்கவில்லை, அவன் கூப்பிட்டபோது கேட்டருளினார் என்ற இடம் வந்தது. அங்கே எழுத்து கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். பூமியின் எல்லைகளெல்லாம் திரும்பி வந்தன. இனிப் பிறக்கப்போகிற ஜனங்களும் அதற்குள் இருந்தார்கள். தெரு விளக்குகூட இல்லாத சந்துக்குள் நுழைந்தவன் கடற்கரையில் வந்து நின்றதுபோல அவருக்கு இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஏன் கழற்றினோம் என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு, மனசில் மிச்சமிருந்த ஒன்றைக் கேட்டார்.

"ஆனா அவ முதல் வரியோட போயிட்டாளே டீச்சர்."

எப்சிபா வேதப்புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கி மூடினார்.

"உதடு அசைஞ்சுதுன்னீங்களே, அவங்க அடுத்த வரிக்குப் போயிட்டாங்க ஐயா. முதல் வரியில நின்னுட்டது நீங்கதான்."