றெக்கை வைத்த கார்

“இதவிடப் பெரிய றெக்கை எங்கீங்க கெடைக்கும் அம்மணி?”

ஜான்சியிடம் நாச்சிமுத்து கேட்ட முதல் கேள்வி இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

ஜான்சி, கோவைக்கு வெளியே இருக்கும் பந்தயத் தடத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். வயது முப்பத்து நான்கு. ஓட்டத் தெரியாதவர்கள் அவளிடம் வருவதில்லை. நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள்தான் வருவார்கள்.

நாச்சிமுத்து சோமனூரில் நூல் வியாபாரி. ஐம்பதைத் தாண்டியவர். ஊரில் அவருக்குச் சந்தேகப் பிராணி என்று பெயர். கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பை வாசலின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் விடுவார். சாமியை நம்புகிறவர்தான். சாமி கும்பிட வருகிறவர்களைத்தான் நம்ப மாட்டார்.

ஜான்சி அவருடைய காரைச் சுற்றி வந்தாள். வெள்ளை நிறம், குடும்பத்தோடு போகிற சாதாரண கார். டிக்கியின் மேல் கறுப்பாக ஒரு றெக்கை நின்றது. ஈரத் துணி காயப்போடலாம், அவ்வளவு அகலம். அதன் நடுவில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்கின.

“இது எதுக்குங்கண்ணா?”

“றெக்கைக்குக் கண்ணு பட்டுருமல்லங்க.”

ஜான்சி பின் சக்கரத்தின் பக்கம் குனிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். நிமிர்ந்து கையைத் தட்டிக்கொண்டாள்.

“எதுக்குப் பெரிய றெக்கை?”

நாச்சிமுத்து சொன்னார்.

போன மாதம் மழையில், பல்லடம் ரோட்டு வளைவில், காரின் பின்பக்கம் வழுக்கி அப்படியே சுற்றிவிட்டது. எந்த வழியாக வந்தாரோ அந்த வழியைப் பார்த்து நின்றது கார். பக்கத்தில் அவருடைய மனைவி தெய்வானை. நல்லவேளை, எதிரில் வண்டி எதுவும் இல்லை. தெய்வானை இறங்கினாள், நனைந்துகொண்டே நின்றாள், அந்தப் பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனாள். அன்றிலிருந்து காரில் கால் வைக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் றெக்கை மாட்டினார். மாட்டியும் போன வாரத்து மழையில் பின்பக்கம் மறுபடி ஆடியது.

“வர்ற ஞாயித்துக்கெழம உடுமலைல பொண்ணுக்கு வளைகாப்புங்க. தலைச்சன் பிரசவம். முடிச்சு அன்னிக்கே எங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வரோணும். வேற வண்டி புடிச்சா எந்த டிரைவர் எப்புடி ஓட்டுவானோ, நம்ப முடியுமுங்களா? ஊட்டுக்காரி சொல்லிப்போட்டா, பஸ்சுல வந்தாலும் வருவேன், இந்துமதிய மட்டும் இந்தக் கார்ல ஏத்த உடமாட்டேன்னு.”

மனுஷனுக்குப் பயம். அதை வெளியில் சொல்லத் தெரியவில்லை.

“யார் மேலீங்கண்ணா சந்தேகம்?” என்று கேட்டாள் ஜான்சி.

“றெக்கை கடைக்காரன் ஆணிய லூசா முடுக்கியிருப்பானுங்க. இல்லீன்னா மட்டமான பிளாஸ்டிக்கா இருக்கும். பிரேக் பாத்த மெக்கானிக்கு என்னமோ கழட்டி எடுத்துப்போட்டான்னும் தோணுது. கம்பெனிக்காரனே இப்புடித்தான் செஞ்சு அனுப்பறானோ என்னமோ.”

“அவ்வளவுதானுங்களா?”

“உங்க மேலயும் கொஞ்சம் இருக்குதுங்க.”

ஜான்சி சிரித்தாள்.

“நாளைக்கு வாங்க. கம்பளி நூல் வெச்சிருக்கேன். காத்து என்ன பண்ணுதுன்னு காட்டறேன்.”

“கம்பளி நூலா? அது லேசா ஊதுனாலே ஆடுமுங்க. என்ற நூலே கொண்டாறேன்.”

மறுநாள் ஒரு முழுக் கோன் நூலோடு வந்தார். சிவப்புச் சாயம் போட்ட பருத்தி நூல். கத்தரிக்கோலையும் அவரே கொண்டுவந்திருந்தார்.

விரல் நீளத்துக்கு நறுக்கி, ஒரு முனையை மட்டும் டேப்பால் ஒட்டச் சொன்னாள் ஜான்சி. பின் கண்ணாடி முழுக்க ஒட்டினார்கள். றெக்கையின் மேலும் கீழும் ஒட்டினார்கள். கார் கல்யாண மாப்பிள்ளைபோல ஆகிவிட்டது. தடத்தில் பைக் ஓட்டிக்கொண்டிருந்த பையன்கள் நின்று பார்த்தார்கள். நாச்சிமுத்து அவர்களையும் ஒரு பார்வை பார்த்துவைத்தார்.

ஜான்சி ஓட்டினாள். நாச்சிமுத்து பின் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, பெருத்த உடம்பைத் திருப்பி, கண்ணாடி வழியே நூலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

“நாப்பதுல போறேன். நூல் என்ன பண்ணுதுங்கண்ணா?”

“கண்ணாடி மேல இருக்கறது கன்னாபின்னான்னு சுத்துதுங்க. ஒண்ணு ரெண்டு பின்னால போவாம முன்னால வருது.”

“றெக்கை மேல?”

“துவண்டு கெடக்குதுங்க. சும்மா தலையாட்டுது.”

“அறுபது.”

“அப்பவும் தலையாட்டுதுங்க.”

“நூல் மேல சந்தேகமா?”

“என்ற நூலுங்க அது!” என்றார் நாச்சிமுத்து. கோபம் வந்துவிட்டது அவருக்கு.

காய்ந்து கிடந்த நீளமான நேர்ப்பாதை வந்ததும் ஜான்சி காலை அழுத்தினாள். இஞ்சின் உறுமியது.

“அம்மணி! படுத்துருச்சு! றெக்கை மேல நூலெல்லாம் நேராப் படுத்துருச்சுங்க, தறியில பாவு கட்டுன மாதிரி! வேலை செய்யுதுங்க! நாந்தான் சொன்னனல்ல!”

“வேகம் எவ்வளவுன்னு கொஞ்சம் திரும்பிப் பாருங்க.”

நாச்சிமுத்து திரும்பினார். முள் நூற்று நாற்பதைத் தாண்டி நின்றது.

“இந்த வேகத்துல இந்துமதியக் கூட்டிட்டு வருவீங்களா?”

முன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார் அவர்.

“மெல்லப் போங்க அம்மணி.”

இறங்கியபோது அவருக்கு வியர்த்திருந்தது. ஜான்சி மீதி நூல் கோனை எடுத்து டிக்கியின் மேல், றெக்கைக்கு அடியில் வைத்தாள்.

“மழைல கார் சுத்துனப்ப எவ்வளவுல போனீங்க?”

“நாப்பது இருக்குமுங்க. அதுக்கு மேல நான் எப்பப் போனேன்.”

“நாப்பதுல இந்த றெக்கை காரை அமுக்கறது, இந்தக் கோன் கனம்கூட இருக்காதுங்க.”

நாச்சிமுத்து கோனைக் கையில் தூக்கிப் பார்த்தார். அது எவ்வளவு கனம் என்று அவருக்குத் தெரியாதா? இருந்தாலும் தூக்கிப் பார்த்தார். திரும்ப வைத்தார்.

“பின்னாடி கெட்டியா அமுக்கிப் புடிக்கும்னு கடைக்காரன் அடிச்சுச் சொன்னானுங்களே.”

“பந்தயக் கார் போற வேகத்துல அமுக்கும். அதுவும் அதுக்குன்னு செஞ்சதா இருந்தா. அவர் எந்த வேகத்துலன்னு சொன்னாரா?”

“இல்லீங்க.”

“நீங்க கேட்டீங்களா?”

மேகம் கூடிக்கொண்டு வந்தது. அதையும் சந்தேகத்தோடு அண்ணாந்து பார்த்தார்.

“டயர் எப்பங்கண்ணா மாத்துனீங்க?” என்று கேட்டாள் ஜான்சி.

நாச்சிமுத்து நிமிர்ந்தார். கண் சுருங்கியது.

“ஏனுங் அம்மணி, டயர்க் கடை எதும் வெச்சிருக்கீங்களா?”

“இல்லீங்க.”

“சொந்தக்காரங்க?”

“அவங்களும் இல்லீங்க.”

“மழைக்கு முன்னாடிதான் முன் டயர் ரெண்டும் புதுசு போட்டேன். கருமத்தம்பட்டில ஒருத்தன். நாலும் மாத்தோணும்னான். ஏவாரம் பண்ணப் பாக்கறான்னு ரெண்டு போதும்னேன். அப்ப அந்தப் புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க, பின்னாடி இருக்கறத முன்னாடி மாத்தித் தர்றேன்னான். கேட்டீங்களா கதைய? இஞ்சின் முன்னால, ஸ்டேரிங் முன்னால. புது டயர் மட்டும் பின்னாலயாம்! என்னமோ கோல்மால் பண்ணறான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க. பக்கத்துலயே நின்னு முன்னாடி மாட்ட வெச்சுட்டுத்தான் வந்தேன்.”

“அவர் சொன்னதை ஏன் நம்பல?”

“நம்பற மாதிரியா இருக்குது?”

“றெக்கை கடைக்காரர் சொன்னது?”

“அது நம்பற மாதிரி இருந்துச்சுங்க.”

ஜான்சி கோனிலிருந்து கொஞ்சம் நூலை இழுத்தாள். நாலைந்து புரியாகச் சேர்த்து முறுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

“முன் டயர்ல பள்ளம் ஓடுதல்லங்க, அதுல இதைப் படுக்க வைங்க.”

நாச்சிமுத்து குந்தினார். வைத்தார். நூல் உள்ளே போய் மறைந்தது. விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்தது.

“இப்பப் பின் டயர்ல.”

எழுந்து பின்னால் போனார். குந்தினார். வைத்தார்.

நூல் மேலேயே நின்றது.

கட்டைவிரலால் தடவினார். கண்ணை மூடிக்கொண்டு நூல் எத்தனை சன்னம், எத்தனையாம் நம்பர் என்று சொல்லுகிற விரல் அது. ஒருமுறை தடவினார். இன்னொரு முறை தடவினார். அடுத்த பள்ளத்தில் வைத்துத் தடவினார். காரின் மறுபக்கம் போய் அந்த டயரிலும் வைத்துப் பார்த்தார்.

“தண்ணி எங்கீங்க போகும்?” என்றார் மெதுவாக. அவளிடம் கேட்டதுபோல இல்லை.

குந்தியபடியே முன் டயரைத் திரும்பிப் பார்த்தார்.

“முன்னாடி ரெண்டும் ரோட்டப் புடிச்சுக்கும். பின்னாடி தண்ணி மேல போகும். அப்பறம் சுத்தாம என்ன பண்ணும்.”

அவருக்குத் தெய்வானையின் முகம் ஞாபகம் வந்தது. மழையில் நனைந்துகொண்டு, காரைப் பார்க்காமல், பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த முகம். வெட்கமாக இருந்தது.

“மொத நாளே குனிஞ்சு பாத்தீங்களே அம்மணி. அப்பவே சொல்லியிருக்கலாமல்லங்க?”

“அதான் டயர்க் கடைக்காரர் சொன்னாரல்லங்க. நம்புனீங்களா?”

நாச்சிமுத்து எழுந்தார். பிறகு நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்தார். றெக்கைக்கு வந்ததும் கை நின்றது.

“இதைக் கழட்டிறட்டுங்களா?”

“இருந்துட்டுப் போகட்டும். உங்க வேகத்துக்கு ஒரு கெடுதலும் இல்ல. அழகாத்தான இருக்குது.”

“அழகுக்குன்னு சொல்லியிருந்தா நான் வாங்கியே இருக்க மாட்டனுங்க.”

“அது றெக்கை கடைக்காரருக்குத் தெரியுமுங்க.”

கருமத்தம்பட்டி டயர்க் கடைக்காரர், வெள்ளைக் கார் வந்து நின்றதைப் பார்த்ததும் உள்ளே போகப் பார்த்தார். வழியில்லை.

“இப்ப என்னங்க சந்தேகம்?”

“சந்தேகம் ஒண்ணும் இல்லீங்க. பின்னாடி ரெண்டும் புதுசு போட்டுருங்க.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். காரைப் பார்த்தார். காருக்குள் வேறு யாராவது இருக்கிறார்களா என்றும் எட்டிப் பார்த்தார்.

“நெசமாத்தான் சொல்றீங்களா?”

“நெசமாத்தானுங்க.”

“பக்கத்துல நின்னு பாக்கறீங்களா?”

“இல்லீங்க. நான் டீ குடிச்சுட்டு வாறேன்.”

கடைக்காரருக்கு அப்போதுதான் நிஜமாகவே பயம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை உடுமலையில் வளைகாப்பு முடிந்தது. இந்துமதி இரண்டு கை நிறைய வளையலோடு வாசலுக்கு வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. பல்லடம் பக்கம் வானம் கறுத்துக் கிடந்தது.

தெய்வானை மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோவுக்குச் சொல்லி வைத்திருந்தாள். அதுவும் வந்து ஓரமாக நின்றது.

சம்பந்தியம்மா, புறப்படுகிற வண்டிக்கு வைப்பதற்காக இரண்டு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தாள். யார் எதில் போவது என்று அவளுக்கு என்ன தெரியும். தெய்வானையால் மறுக்க முடியவில்லை. வாங்கி, காரின் முன் சக்கரங்களுக்கு அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக வைத்தாள்.

நாச்சிமுத்து வந்தார். குனிந்து இரண்டையும் எடுத்தார். பின்னால் போய், பின் சக்கரங்களுக்கு அடியில் ஒவ்வொன்றாக வைத்தார்.

தெய்வானை அவர் பின்னாலேயே வந்து நின்றாள். அந்தச் சக்கரங்களைப் பார்த்தாள். இரண்டும் புத்தம் புதுசு, கறுப்புக்கூட மாறவில்லை.

“ஏனுங்க, முன்னாடிதான வெப்பாங்க?”

“எனக்கும் அப்புடித்தான் தோணுச்சு தெய்வா.”

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள், சந்தேகமாகத்தான். பிறகு ஆட்டோக்காரரைப் போகச் சொல்லிவிட்டு, கதவைத் திறந்து, மகளை ஏற்றிவிட்டுத் தானும் ஏறி உட்கார்ந்தாள்.