பன்னிரண்டு வாரமும் தொண்ணூற்றொன்று

சென்னியப்பன் வாயைத் திறந்தால், கேட்கிறவர்கள் முதலில் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் கிரைண்டர் விற்கிறவர் அவர். தன் கடைக் கிரைண்டரில் ஒரு படி உளுந்து போட்டால் மாவு பொங்கி அடுத்த தெருவரைக்கும் போகும் என்பார். வாங்கிப் போனவர்கள், "பொங்கவே இல்லீங்களே" என்று திரும்பி வந்தால், "நீங்க மூடியத் தொறந்து பாத்திருப்பீங்க, அது கூச்சப்பட்டிருக்கும்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதர், தான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெருமையடித்தார். அதைக் கேட்டவர்களில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை மரகதமும் ஒருத்தி.

அந்தக் கடைவீதிக்காரர்கள் ஐந்து அணியாகப் பிரிந்து, மால் மூன்றாவது மாடியில் இருக்கும் போலிங் கூடத்தில் வருடா வருடம் பன்னிரண்டு வாரம் ஆடுவார்கள்; அதற்குப் பிறகு இறுதி ஆட்டம். தூரத்தில் ‘பின்’ என்கிற பத்துக் கட்டை நிற்கும். கனத்த பந்தை உருட்டி அதைச் சாய்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். ஆடத் தெரியாதவர்கள் மனம் நோகக் கூடாதென்று, சராசரி குறைந்தவர்களுக்கு ஆட்டத்துக்கு இத்தனை என்று சலுகைப் புள்ளி உண்டு. சென்னியப்பனுக்கு அறுபது. வாரா வாரம் தட்டுத் தடுமாறித் தொண்ணூறைத் தாண்டுவார். இறுதி ஆட்டம் வந்துவிட்டால் மட்டும் நூற்றெண்பது எடுப்பார். அதற்கு மேல் அறுபது இனாம்.

இறுதியில் தோற்ற அணி, எல்லாக் குடும்பத்துக்கும் சமைத்துப் போட வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூன்று வருடமாக அவரிடம் தோற்றது மரகதத்தின் அணி. நூற்று இருபது பேருக்குப் பிரியாணி கிண்டியது மரகதத்தின் கை. வலித்தது அவள் முட்டி. இந்த வருடமும் அண்டா முன்னால் நிற்க வேண்டுமோ என்று பத்து நாளாக அவளுக்குச் சரியான தூக்கம் கிடையாது. கேஸ் பாதியில் தீர்ந்துவிட்டால்? அரிசி குழைந்துவிட்டால்? போன வருடம் லேசாக அடிப்பிடித்ததை இன்னும் நான்கு பேர் சொல்லிக் காட்டுகிறார்கள்.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, கூடத்து மேசைக்கு ஒரு தாளில் புது விதி எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒருவர் இதுவரை எடுத்ததிலேயே உயர்ந்த ஆட்டம் எதுவோ, அதை வைத்துத்தான் இனி சலுகைப் புள்ளி. ஐந்து கேப்டன்களும் கையெழுத்துப் போட்டால்தான் விதி மாறும். நான்கு கையெழுத்து விழுந்துவிட்டது.

"சலுகையே வேண்டாம்னு எடுத்துட்டாப் பிரச்சனை தீந்துச்சுங்கக்கா" என்றார் பேரிங் கடை ஜாபர் பாய். அவரும் ஒரு கேப்டன்.

"அதெப்படிங்க பாய்? எங்க அணிச் சரசு நெசமாவே எழுவதுதான் எடுக்கறா. அவ அப்பறம் ஆட்டத்துக்கே வரமாட்டா" என்றாள் மரகதம். தாளைச் சென்னியப்பன் பக்கம் தள்ளினாள். "நீங்க ஒருத்தர்தானுங்கண்ணா பாக்கி."

சென்னியப்பன் தாளைத் தொடவில்லை. தன் வலது கையைத் தூக்கி, நோயாளிக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"அம்மிணி, இந்தக் கைக்கா அறுவது புள்ளி ஜாஸ்திங்கற? என்ற பந்து வேகம் உனக்குத் தெரியாது. போன மாசம் ஒரு பந்து உருட்டிப்போட்டுக் கீழ எறங்கிப் போயி டீ குடிச்சன். பன்னு ஒண்ணு தின்னன். முடி வெட்டிக்கிட்டு மேல வந்தன். பந்து பாதி தூரம்தான் போயிருந்துச்சு. பெருக்கற அம்மா அதச் சுத்திப் பெருக்கிட்டுப் போகுது."

"முடி வெட்டறதுக்கு உங்களுக்கு அரை நிமிசம் போதுமுங்களே" என்றார் ஜாபர் பாய், அவர் வழுக்கையைப் பார்த்து.

"சிரிங்க பாய். அது போயிச் சேர்றதுக்குள்ள முதல் பின்னுக்கும் ரெண்டாம் பின்னுக்கும் நடுவால ஒரு சிலந்தி வலை கட்டிருச்சு. பந்து போயி வலையில பட்டு நின்னுபோச்சு. சிலந்தி வந்து பாத்துட்டு, இது நமக்குச் செரிக்காதுன்னு திருப்பித் தள்ளி உட்டுருச்சு. தள்ளுனது என்னையவிட வேகமுங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள்கூட நாற்காலியைத் திருப்பிப் போட்டார்கள். கூட்டம் கூடினால் சென்னியப்பனுக்குக் குரல் தானாக ஏறும்.

"அதாச்சும் நேராப் போச்சு. அடுத்த வாரம் வீசறன், பந்து பின்னால போகுது. மூணு மாடி எறங்கி, அவினாசி ரோட்டுக்குப் போயிருச்சு. சிக்னல்ல செவப்பு உழுந்துச்சு. நின்னுச்சு. பச்சை உழுந்துச்சு. கெளம்புச்சு. திருப்பூர் பஸ்ஸுல ஏறிருச்சுங்க! கண்டக்டரு அரை டிக்கெட்டுப் போட்டிருக்காரு. நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வருது, புதுப் பனியன் போட்டுக்கிட்டு."

"பனியன் என்ன சைசுங்க?" என்றார் பக்கத்து மேசைக்காரர் ஒருவர்.

"எண்பது. ஊர்த் தண்ணி ஒத்துக்கிச்சு, கொஞ்சம் பெருத்துருந்துச்சு."

மரகதத்துக்கும் சிரிப்பு வந்தது. வந்த கையோடு தாளைப் பார்த்தாள். சிரித்துச் சிரித்தே இந்த ஆள் எழுந்து போய்விடுவார். தாள் இப்படியே கிடக்கும். அப்புறம் அண்டாதான்.

"கடைசில அந்தப் பத்துப் பின்னும் கூட்டம் போட்டுதுங்க" என்று சென்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "இந்த மனுசன் நம்மளச் சாச்சு நாம பாக்கப் போறதில்ல, வயசான மனுசன், பாவம், நாமளே முறை வெச்சு உழுவலாம்னு பேசி முடிச்சுதுங்க. இன்னைக்கு எனக்கு உழுவறதெல்லாம் அந்தப் பரிதாபத்துல உழுவறதுதான். அந்தப் பரிதாபத்தக்கூடப் பிடுங்கறயே அம்மிணி?"

ஜாபர் பாய்க்குப் பொறுமை போய்விட்டது. "மோசமா ஆடறது ஒரு பெருமைங்களாண்ணா? அதுக்கென்ன தெறமை வேணும்? எங்க கடைப் பூனையக் கொண்டாந்து உட்டா, அதுகூட வாலால தட்டித் தொண்ணூறு எடுத்துரும்."

சென்னியப்பன் முகம் சுருங்கியது. அறுபது வயதில் அவரை யாரும் பூனையோடு சேர்த்துப் பேசியதில்லை.

"பூனையா? ஏனுங்க பாய், போன வருசம் பன்னெண்டு வாரமும் நான் என்ன எடுத்தன்னு தெரியுமுங்களா? தொண்ணூத்தொண்ணு. ஒரு வாரம் தொண்ணூறு இல்ல, ஒரு வாரம் தொண்ணூத்திரண்டு இல்ல. கடைசி ரவுண்டுல போர்டப் பாப்பன். மூணு வேணும்னா மூணு சாய்ப்பன். நாலாவது பின்னு ஆடும், உழுவாது. உழுந்தா என்ற பேர மாத்திக்கறன். பத்தையும் சாய்க்கறது எவனுக்கும் வரும். நெனச்சத மட்டும் நிக்க வெக்கறது இந்த ஜில்லாவுல ஒருத்தனுக்குத்தான் வரும்!"

மரகதத்தின் பையில்தான் ஸ்கோர் நோட்டு இருந்தது. அவள் கையாலேயே எழுதியது. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு தொண்ணூற்றொன்று. ஏதோ தற்செயல் என்றுதான் நினைத்திருந்தாள். அவளுக்குத் தெரிந்து சென்னியப்பன் சொன்ன முதல் நிஜம் இது.

ஜாபர் பாய், "அப்பிடின்னா நீங்க வேணும்னே..." என்று ஆரம்பித்தார். மேசைக்கடியில் மரகதம் அவர் காலை மிதித்தாள்.

"புளுகுங்கண்ணா" என்றாள்.

"என்ன புளுகு?"

"சிலந்திய நம்பலாம். பனியனக்கூட நம்பலாம். இத நம்ப முடியாதுங்க. ஒரு மனுசன் கைக்கு அத்தனை அளவு வராது."

"வராதா?" சென்னியப்பன் எழுந்தே விட்டார். "என்ற கொழந்தைக மேல சத்தியமுங்க! நான் பொறந்ததுல இருந்து சொன்னதுல இது ஒண்ணுதான்..." அங்கே நிறுத்திக்கொண்டார்.

"அத்தனை கெட்டிக்காரருக்கு இனாம் எதுக்குங்க? கையெழுத்துப் போட்டீங்கன்னா, தொண்ணூத்தொண்ணு நெசம்னு நாங்க அஞ்சு அணிக்கும் சொல்லுவம். போடலீன்னா அதையும் சிலந்தி கணக்குல சேத்துக்கறமுங்க."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்கள் காத்திருந்தார்கள். அறுபது புள்ளியா, அத்தனை நாள் யாரும் பாராட்டாமல் போன வித்தையா? பேனாவை வாங்கி, தாளில் இடம் போதாத அளவுக்குச் சுழித்துப் போட்டார்.

மரகதம் அப்போதுதான் மூச்சு விட்டாள். அவர் அதற்குள் தேறிவிட்டார்.

"இந்தக் கையெழுத்து இருக்குது பாருங்க, இதுல போன வருசம் ஒரு செக்குக் குடுத்தனுங்க. பேங்க் மேனேஜரு எந்திரிச்சு நின்னு கண்ணுல ஒத்திக்கிட்டு, ஃப்ரேம் போட்டு மாட்டி, அதுக்கு தினமும்..."

"தேதி போடுங்கண்ணா" என்றாள் மரகதம்.