ராஜகுருவின் தொண்டையில் நின்ற பலகாரம்

மந்திரி அறவாழி கடைசியாகப் பார்த்தபோது, அரண்மனைச் சமையற்காரர் பியேத்ரோ காய்ச்சலோடு மாவுப் பலகையின் முன் உட்கார்ந்து, கோதுமை மாவை உள்ளங்கைகளுக்கு நடுவே கயிறு போலத் திரித்துக்கொண்டிருந்தார். இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தவர். "என் மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா" என்றார். அறவாழி வாக்குக் கொடுத்தார். மறுநாள் பியேத்ரோ உயிரோடு இல்லை.

அந்தக் காலத்தில் முத்தலைத் துறைமுகத்தை வேழவர்மன் என்றொரு ராஜா ஆண்டார். காலையில் தாமே பல்லக்குக் கொடுத்துச் சிறப்பித்தவனை மாலையில் ஊரைவிட்டே துரத்துவார். பியேத்ரோவின் மகள் லூசியா, அப்பா திரித்துச் செய்துவந்த அந்த மாவுப் பலகாரத்தை நெய்யும் மிளகும் மணக்கச் செய்து போட, ராஜா அவளையே புகழ்ந்துகொண்டிருந்தார். ராஜகுரு சம்புநாதருக்கு வயிறு எரிந்தது.

"பிரபு, இதன் பேர் ஸ்ட்ரோட்சாப்ரேத்தி. 'குருமார் கழுத்தை நெரிப்பது' என்று அர்த்தமாம். மாலுமி ஒருவன் சொன்னான். இவள் என் உயிருக்கு உலை வைக்கிறாள்!"

"உண்மையா, பெண்ணே?"

"அர்த்தம் அதுதான், மகாராஜா. ஆனால் எங்கள் ஊரில்..."

"போதும்! நாளை சாயங்காலம் இவளைத் துடுப்பில்லாத படகில் ஏற்றிக் கடலில் விடுங்கள்."

அறவாழி எழுந்தார். "அந்தப் பேர் ஏன் வந்தது என்று நாளை மத்தியானப் பந்தியில் காட்டுகிறேன். தவறினால் நானும் அதே படகில் ஏறுகிறேன்."

"ஒரு பேருக்காகச் சாகிறீரே, ஓய்!" என்று சிரித்தார் ராஜகுரு.

"கொடுத்த வாக்குக்காக, சுவாமி."

அந்த அரண்மனையில் ஒரு வழக்கம். ராஜா கை கழுவினால் பந்தியே எழுந்துவிட வேண்டும். மறுநாள் அறவாழி ராஜாவின் காதில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ராஜாவும் அந்தப் பலகாரத்தையே சாப்பிடுவதைக் கண்ட ராஜகுரு இலையை லூசியா பக்கம் நகர்த்தினார். "சோதித்துப் பார்க்கிறேன். இன்னும் கொஞ்சம் போடு. நெய்யை ஏனம்மா இப்படிச் சொட்டுகிறாய்?"

மலைபோலப் பரிமாறியதும் ராஜா சட்டென்று, "கை கழுவத் தண்ணீர் கொண்டுவா" என்றார்.

ராஜகுரு பதறிப்போனார். இலையிலிருந்ததை இரண்டு கையாலும் அள்ளி, மெல்லாமல் விழுங்கினார். விழி பிதுங்கியது. அறவாழி பாய்ந்துபோய் முதுகில் ஓங்கி அறைந்தார். அடைத்தது வெளியே விழுந்தது.

"யார், சுவாமி, உங்கள் கழுத்தை நெரித்தது? இவளா?"

ராஜகுரு இருமிக்கொண்டே தண்ணீர்ச் செம்பைத் தேடினார். லூசியாதான் பேசினாள்: "எங்கள் ஊர்ப் பாதிரிமாரும் விருந்தில் இப்படித்தான் அவசரமாக விழுங்கித் திணறினார்களாம், மகாராஜா. பரிமாறிய பெண்கள் வைத்த பேர் என்று அப்பா சொல்வார்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மந்திரி, உம்முடைய படகு கரையிலேயே கிடக்கட்டும். இனி அடுக்களைக்கு லூசியாதான் தலைவி. ராஜகுருவே, நீர் இனிக் கடைசிப் பந்தி. யாரும் எழுப்பமாட்டார்கள், நிதானமாக மென்று சாப்பிடும்."

பியேத்ரோவின் மாவுப் பலகை அடுக்களையிலேயே இருந்தது. லூசியா அதில்தான் மாவு திரித்தாள்.