ஏழாயிரத்து ஐந்தாம் எண் வாத்து

காட்டு ஏரியின் நடுவே ஒரு சின்னத் தீவு. அதை ஒரு நாரை கவனித்து வந்தது. ஏரிக்கு அரசன் யானை. "ஒன்று முதல் நூறு வரை உனக்குத் தந்திருக்கிறேன். தீவில் கட்டும் கூடுகளில் அந்த எண்களை மட்டும்தான் எழுத வேண்டும்" என்று அது சொல்லியிருந்தது.

ஆபத்து வந்தால், காவலுக்கு நிற்கும் ஆள்காட்டிக் குருவி கூட்டின் எண்ணைச் சொல்லிக் கத்தும். தாய்ப்பறவை எங்கிருந்தாலும் பறந்து வந்துவிடும்.

ஒருநாள் ஒரு வாத்து வந்தது.

"அண்ணே, எங்கள் ஏரி வற்றிப் போச்சு. முட்டையிட இடம் வேண்டும். அங்கே என் எண் ஏழாயிரத்து ஐந்து. அதைச் சொன்னால்தான் என்னைக் கூப்பிடுவது எனக்குப் புரியும்!"

நாரை திகைத்தது. நூறைத் தாண்டிய எண்ணை அது எழுதக் கூடாதே. என்ன செய்வது என்று யானையிடம் கேட்கலாம். ஆனால், 'இதுகூடத் தெரியாதா?' என்று எல்லோரும் சிரிப்பார்களே!

"இதெல்லாம் எனக்குச் சாதாரணம்! கவலைப்படாதே" என்றது.

வாத்து ஐந்து முட்டைகள் இட்டுவிட்டு இரை தேடப் போனது. எந்த எண்ணை எழுதுவது என்று தெரியாமல், நாரை அந்தக் கூட்டில் "யாருமில்லை" என்று எழுதிவிட்டு நகர்ந்தது.

சற்று நேரத்தில் ஓர் உடும்பு நீந்தி வந்து அந்தக் கூட்டை நெருங்கியது. கூட்டில் எழுதியிருந்ததை ஆள்காட்டி பார்த்தது. 'காலிக் கூடுதானே!' என்று பேசாமல் இருந்துவிட்டது.

வாத்து திரும்பியபோது இரண்டு முட்டைகளே மிச்சம்.

"ஏன் என்னைக் கூப்பிடவில்லை?" என்று கதறியது.

"யாரைக் கூப்பிடுவது அக்கா? யாருமில்லை என்றல்லவா எழுதியிருந்தது!" என்றது ஆள்காட்டி.

எல்லாப் பறவைகளும் நாரையைப் பார்த்தன. அதன் கழுத்து தொங்கிப் போனது.

"நான்தான் எழுதினேன். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது."

வாத்து ஒரு வார்த்தையும் திட்டவில்லை. இரண்டு முட்டைகளையும் இறகுக்குள் இழுத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தது. திட்டியிருந்தால்கூட நாரைக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அன்றே நாரை யானையிடம் பறந்து போய் நடந்ததைச் சொன்னது.

"அட, உன் எண்களில் அறுபது சும்மா கிடக்கின்றனவே! கூட்டில் நாற்பத்தொன்று என்று எழுது. நாற்பத்தொன்று என்றால் ஏழாயிரத்து ஐந்தைக் கூப்பிடு என்று காவலிடம் சொல். நொடியில் முடியும் வேலை!"

நாரை அப்படியே செய்தது. குஞ்சுகள் இரண்டும் பொரிந்து நீரில் இறங்கின. வாத்து அவற்றோடு கடந்து போகும்போதெல்லாம் நாரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

தெரியாததைக் கேட்க வெட்கப்பட்டு மறைப்பவன், பிறகு அதைவிடப் பெரிய வெட்கத்தைச் சுமக்க வேண்டிவரும்.