பத்து நாள் கட்டி

தோல் வைத்தியத்தில் பேர் வாங்கிய தமயந்தி அம்மாளிடம் திரவியம் தொழில் கற்க வந்தபோது அவருக்கு ஐம்பது வயது. குருவைவிட எட்டு வயது மூத்தவர். தாமதமாக ஆரம்பித்ததாலோ என்னவோ, எல்லாவற்றிலும் அவசரம்.

ஒருநாள் காலை ஒச்சம்மாள் வந்தாள். ஆடு வளர்ப்பவள். வலது ஆள்காட்டி விரலில் சுண்டைக்காய் அளவுக்குச் சிவந்த கட்டி. சுற்றிலும் வெள்ளை வளையம், நடுவில் நீர்க்கசிவு. பத்தே நாளில் இப்படி வளர்ந்துவிட்டது என்றாள்.

முன்பு ஒருவர் கையில் புற்றுக்கட்டி வந்ததைத் திரவியம் பார்த்திருந்தார். அதே நிறம், அதே வேகம். விரலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று அவளிடமே சொல்லிவிட்டார். பாவம், அவள் முகம் செத்துப்போயிற்று.

"வெரல் இல்லாம நான் எப்பிடிம்மா பால் பீச்சுவேன்?" என்று தமயந்தியிடம் கேட்டாள்.

தமயந்தி திரவியத்தின் பக்கம் திரும்பினார். "எப்படி முடிவு பண்ணுனீங்க?"

"பார்த்ததுமே தெரிஞ்சுதும்மா."

தமயந்தி விரலை நெடுநேரம் பார்த்தார். பிறகு, இந்த விரல் ஒரு மாசமாக என்னென்ன வேலை பார்த்தது, செய்து காட்டு என்றார். திரவியத்துக்கு ஒன்றும் புரியவில்லை. வைத்தியம் பார்க்கும் இடத்தில் இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டார்.

ஒச்சம்மாள் வெறும் காற்றில் பால் பீச்சினாள், முள் ஒடித்தாள், கயிற்றில் முடிச்சுப் போட்டாள். கடைசியாக விரலை வளைத்து எதற்குள்ளோ விடுவதுபோல் நீட்டினாள்.

"அது என்ன?"

தாய் செத்துப்போன குட்டி ஒன்று இருக்கிறதாம். புட்டிப்பால் குடிக்கத் தெரியாமல் தவித்ததால், முதலில் விரலைச் சப்பக் கொடுத்துப் பழக்கினாளாம்.

குட்டியைக் கொண்டுவரச் சொன்னார் தமயந்தி. மத்தியானம் குட்டி வந்தது. உதட்டோரமெல்லாம் பொருக்குத் தட்டிய புண். திரவியம் அந்த வாயையும் ஒச்சம்மாளின் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குட்டிகிட்டேருந்து ஒட்டிக்கிட்டது. கத்தி வேண்டாம். சுத்தமா மூடிக் கட்டி வை, ஆறு வாரத்துல தானா உதிர்ந்துரும். உதிரலேன்னா திரும்பி வா" என்றார் தமயந்தி.

ஒச்சம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

சாயங்காலம் திரவியம் நோட்டில் அந்தக் கட்டியை வரைந்தார். நடுவில் சிவப்பு, சுற்றி வெள்ளை வளையம். ஓரத்தில் ஒரு குட்டியாடு. சந்தோஷம் தாங்கவில்லை.

"இனிமே இந்த மாதிரி கட்டிய எங்க கண்டாலும் பார்த்ததுமே சொல்லிருவேன்மா."

தமயந்தி கை கழுவிக்கொண்டிருந்தார்.

"காலையிலயும் அதத்தானே செஞ்சீங்க" என்றார்.